நிலப்பிரபுக்களின் ஜப்பான் முடிந்தது 1868-இலா, 1871-இலா?

பழஞ்சுவடி எழுதியது:

ஜப்பானில் ஷோகன் என்ற படைத்தலைவரின் ஆட்சி போய்ப் பேரரசரின் ஆட்சி மீண்ட மெய்ஜி மாற்றத்தைப் பற்றிய உரையாடல்களில் 1868 என்ற ஒரே ஆண்டுக்கு எல்லா எடையும் கொடுக்கப்படுவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி உராகாவின் எதிரே தம் கப்பல்களை நிறுத்தினார். ஷோகனின் அரசு தடுமாறியது. ஒன்றையொன்று வெறுத்த தென்மேற்குச் சிற்றரசுகளான சட்சுமாவும் சோஷூவும் 1866-இல் கைகோத்தன. 1867 நவம்பரில் கடைசி ஷோகன் யோஷினொபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். 1868 ஜனவரி 3-ஆம் நாள் கியோட்டோ அரண்மனையில் பேரரசரின் ஆட்சி மீண்டது என்று அறிவிக்கப்பட்டது. இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் அந்த அறிவிப்புக்கும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போருக்கும் பிறகு ஜப்பானின் நிலமும் வரியும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால், பழைய உலகம் ஏறத்தாழ அப்படியே நின்றுகொண்டிருந்தது தெரியும்.

புதிய அரசு ஷோகனின் டோக்குகவா குடும்பத்திடமிருந்தும் அதன் பக்கம் நின்றவர்களிடமிருந்தும் பறித்துக்கொண்ட நிலம் நாட்டின் மொத்த விளைச்சல் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மீதி முக்கால் பங்கும் சுமார் 260 டைமியோக்களிடமே, அதாவது சிற்றரசுத் தலைவர்களிடமே, இருந்தது. ஒவ்வொரு டைமியோவுக்கும் தனிப் படை, தனி வரி, தனி நீதி, பலருக்குத் தனித் தாள் நாணயம்கூட இருந்தது. ஆக, 1868-இன் பேரரசு என்பது பெரிய நிலம் வைத்திருந்த இன்னொரு சிற்றரசு என்ற அளவில்தான் இருந்தது.

அப்படியிருக்க, 1871 ஆகஸ்டு 29 அன்று, டோக்கியோவில் இருந்த டைமியோக்களை அரண்மனைக்கு அழைத்து, ஒரே ஆணையால் 261 சிற்றரசுகளும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். சிற்றரசுகள் மாவட்டங்களாயின, டைமியோக்கள் டோக்கியோவில் குடியேற வேண்டும் என்று கட்டளையாயிற்று. சட்சுமாவின் ஷிமாசு குடும்பம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதே மண்ணில் வேரூன்றியது. அப்படிப்பட்ட குடும்பங்கள் ஒரு போர்கூடச் செய்யாமல் இறங்கிப் போயின. ஐரோப்பாவில் இத்தகைய உரிமைகளை ஒழிக்கப் புரட்சிகளும் நெடிய போர்களும் தேவைப்பட்டதை எண்ணிப் பார்த்தால், இந்த அமைதிக்கு விளக்கம் தேவை என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

என் கருத்து இது: நிலப்பிரபுத்துவம் ஜப்பானில் போர்க்களத்தில் தோற்கடிக்கப்படவில்லை, விலை கொடுத்து வாங்கப்பட்டது. அந்த விலை 1871-இல் பேசப்பட்டு 1876-இல் தீர்க்கப்பட்டது. ஆகவே நாம் உற்று நோக்க வேண்டியவை அந்த ஐந்தாண்டுகளே. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இங்கே எழுத வேண்டுகிறேன்.

மரக்கால் எழுதியது:

தங்கள் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். அந்த விலையின் முதல் தவணை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் டைமியோக்களின் அமைதிக்குக் காரணம் அவர்களுடைய கடன் ஏடுகளிலேயே இருக்கிறது.

டோக்குகவா காலத்தில் டைமியோவின் செல்வம் கோக்கு என்ற அரிசி அளவையால் கணக்கிடப்பட்டது. ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்று தோராயமாகக் கொள்வார்கள். வருவாய் அரிசியாக வந்தது, செலவோ பணமாகப் போயிற்று. ஓராண்டு ஷோகனின் தலைநகரான எடோவிலும் (இன்றைய டோக்கியோ) ஓராண்டு சொந்த ஊரிலுமாக மாறி மாறி வாழ வேண்டும், மனைவி மக்களை எடோவிலேயே விட்டு வைக்க வேண்டும் என்ற கட்டளையின்படி, இரண்டு இடத்திலும் மாளிகை, ஊர்வலம், ஏவலர் எல்லாவற்றையும் அவர்கள் தாங்க வேண்டியிருந்தது. அரிசியை ஒசாக்காவின் வணிகர்களிடம் விற்றார்கள்; பிறகு வரவிருக்கும் அறுவடைகளையே ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தங்கள் ஆண்டு வருவாயைப் போல் பல மடங்கு கடன்பட்டிருந்த சிற்றரசுகள் அரியவை அல்ல. அதன் மேல் 1868-69 போரின் செலவும் சேர்ந்தது.

விளைவு என்னவென்றால், 1871-இன் ஆணைக்கு முன்பே சில சிற்றரசுகள் தாமாகவே முன்வந்து தங்களைக் கலைத்துக்கொண்டன. வடக்கே மோரியோக்காவும் நாகவோக்காவும் 1870-இலேயே அப்படிச் செய்தன. இரண்டுமே போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்து, தாங்க முடியாத கடனில் மூழ்கியவை. ஃபுக்குவோக்கா சிற்றரசு அரசின் தாள் நாணயத்தைக் கள்ளத்தனமாக அச்சிட்டு மாட்டிக்கொண்டு, 1871-இல் அதன் தலைவர் பதவி பறிக்கப்பட்டார். இவற்றைப் பார்க்கும்போது, சிற்றரசு என்ற அமைப்பே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

இந்த நிலையில் டோக்கியோ அவர்களுக்குச் சொன்னது இதுதான்: உங்கள் கடனை அரசு ஏற்கும், உங்கள் சாமுராய் வீரர்களின் பரம்பரை ஊதியத்தையும் அரசு ஏற்கும், சிற்றரசின் வருவாயில் பத்தில் ஒரு பங்கு உங்கள் குடும்பத்துக்குத் தனிப்பட்ட முறையில் சேரும். படைச் செலவோ, ஏவலர் செலவோ, கடன்காரரோ இல்லாத பத்தில் ஒரு பங்கு என்பது, பெயரளவில் முழு வருவாயையும் வைத்துக்கொண்டு கையில் ஒன்றும் நிற்காமல் இருந்தவர்களுக்கு இழப்பாகத் தோன்றியிருக்க முடியாது.

அந்தக் கடனை அரசு எப்படித் தீர்த்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1844-க்கு முந்தைய கடன்களை முற்றாகச் செல்லாதவை என்று அறிவித்துவிட்டார்கள். 1844 முதல் 1867 வரை வாங்கியவற்றை வட்டியே இல்லாமல் ஐம்பது ஆண்டுத் தவணையில் தருவதாகச் சொன்னார்கள். 1868-க்குப் பிந்தையவற்றுக்கு மட்டும் நான்கு விழுக்காடு வட்டி, இருபத்தைந்து ஆண்டுத் தவணை. அதாவது டைமியோக்களின் விடுதலைக்கான செலவில் பெரும்பகுதியை முதலில் சுமந்தவர்கள் ஒசாக்காவின் கடன் வணிகர்கள். பல தலைமுறைகளாக நடந்த கடைகள் பல அதோடு மூடப்பட்டன.

கீழ்க்காற்று எழுதியது:

மதிப்பிற்குரிய நண்பர்கள் இருவரும் எழுதியவற்றில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் "விலை கொடுத்து வாங்கப்பட்டது" என்ற முடிவை நான் ஏற்கத் தயங்குகிறேன். மறுத்தால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் கண்ணால் கண்ட பிறகு பேசப்பட்ட விலையை எப்படிக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்வது?

ஷோகனின் பக்கம் நின்ற அய்சு சிற்றரசை நினைத்துப் பாருங்கள். அதன் தலைவர் மட்சுடைரா கட்டமோரி 1862 முதல் கியோட்டோவின் காவல் பொறுப்பில் இருந்தவர். அப்போதைய பேரரசர் கோமெய் அவரை மிகவும் நம்பினார். மாறாக, 1864-இல் அரண்மனை வாயிலில் படையோடு மோதி, "அரசவையின் பகைவர்" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சோஷூவினர். 1867 ஜனவரியில் கோமெய் இறந்தார், பதினான்கு வயது முட்சுஹிட்டோ, அதாவது மெய்ஜி பேரரசர், அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே பேரரசரின் கொடி சோஷூவின் கையிலும் பகைவர் என்ற பட்டம் அய்சுவின் தலையிலும் இருந்தன. ஷோகனைக் கவிழ்க்கச் சட்சுமாவுக்கும் சோஷூவுக்கும் அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இரகசிய ஆணையில் பேரரசரின் கையெழுத்தே இல்லை. 1868 இலையுதிர் காலத்தில் அய்சுவின் கோட்டை ஒரு மாதம் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. பிழைத்தவர்களை நாட்டின் வடகோடியில், பனியும் தரிசும் நிறைந்த டொனாமிக்கு அனுப்பினார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோக்கு நிலத்துக்கு ஈடாக அங்கே கிடைத்தது பெயரளவில் முப்பதாயிரம் கோக்கு. பசியாலும் குளிராலும் அங்கே பலர் மடிந்தனர். 1871-இல் டோக்கியோவுக்கு அழைக்கப்பட்ட ஒவ்வொரு டைமியோவும் இதை அறிந்திருந்தார்.

அதோடு, அந்த ஆணை முன்னேற்பாடு இல்லாமல் வரவில்லை. 1869-இல் சட்சுமா, சோஷூ, டோசா, ஹிசென் ஆகிய நான்கும் தங்கள் நிலத்தையும் மக்களையும் பேரரசரிடம் திருப்பித் தருவதாக முதலில் மனுக் கொடுத்தன, மற்றவை பின்தொடர்ந்தன, டைமியோக்கள் அதே இடத்தில் ஆளுநர்கள் என்ற பெயரோடு அமர்த்தப்பட்டார்கள். பெயர் மட்டும் மாறிய அந்த ஏற்பாடுதான் பின்னால் அவர்களைப் பதவி நீக்கம் செய்யும் உரிமையை மைய அரசுக்குத் தந்தது, ஏனெனில் மரபுரிமையால் ஆள்பவரை அகற்ற முடியாது, பணியமர்த்தப்பட்ட ஆளுநரை அகற்றலாம். 1871-இன் வசந்தத்தில் சட்சுமா, சோஷூ, டோசா மூன்றும் தந்த வீரர்களைக் கொண்டு பத்தாயிரம் பேர் அளவிலான பேரரசர் காவற்படை டோக்கியோவில் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்தால் படைகொண்டு அடக்கலாம் என்று சட்சுமாவின் படைத்தலைவர் சாய்கோ டக்கமோரி இசைந்த பிறகே ஆணை வெளியானது. திட்டத்தை அறிந்திருந்தவர்கள் ஒரு சிலரே. சட்சுமாவின் உண்மைத் தலைவரான ஷிமாசு ஹிசமிட்சு, தம் சொந்த ஊழியர்களே தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில், செய்தி எட்டிய இரவு முழுவதும் ககோஷிமாவில் வாணவேடிக்கை விட்டுத் தீர்த்தார் என்று சொல்வார்கள்.

ஆகவே பணம் ஒரு கையிலும் வாள் மறு கையிலும் இருந்தன என்பதே என் வாதம். பணத்தை மட்டும் பேசினால் அய்சுவின் பிணங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

பழஞ்சுவடி எழுதியது:

கீழ்க்காற்று அவர்களின் வாதம் வலுவானது. டைமியோக்களின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அச்சத்தால் பணிந்தவர்கள் வாய்ப்புக் கிடைத்ததும் எழுவார்கள். அந்த வாய்ப்பு நான்கே மாதத்தில் வந்தது. 1871 டிசம்பரில் இவக்குரா டொமோமி, ஓக்குபோ டொஷிமிச்சி, கிடோ டக்கயோஷி, இட்டோ ஹிரோபுமி ஆகியோர், அதாவது அரசின் மூளையில் பாதி, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிவிட்டார்கள். 1873 செப்டம்பர் வரை இவக்குரா திரும்பவில்லை. அந்த இடைவெளியில் ஒரு டைமியோகூடக் கொடி உயர்த்தவில்லை. அச்சம் மட்டுமே அவர்களைக் கட்டிப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

எழுந்தவர்கள் வேறு வகுப்பினர்.

வெண்முகில் எழுதியது:

அந்த வேறு வகுப்பினரைப் பற்றித்தான் கேட்க வந்தேன். டைமியோக்கள் சில நூறு பேர். சாமுராய்களோ குடும்பத்தோடு சேர்த்தால் மக்கள்தொகையில் ஐந்து ஆறு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ இருபது இலட்சம் பேர். அவர்களிடம் ஆயுதம் இருந்தது. இந்த மாற்றத்தை நடத்தியவர்களும் அவர்களுக்குள்ளிருந்த கீழ்நிலை வீரர்களே. தங்கள் வகுப்பையே ஒழிக்கும் அரசை அவர்களில் ஒரு பகுதியினர் எதற்காகக் கட்டினார்கள், மறு பகுதியினர் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை யாராவது விளக்க முடியுமா?

மரக்கால் எழுதியது:

வெண்முகில் அவர்களின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது.

முதல் பாதிக்கு: சோஷூவின் இட்டோவும் யமகட்டா அரிடோமோவும், சட்சுமாவின் சாய்கோவும் ஓக்குபோவும் பழைய அமைப்பில் உயர வழியில்லாத குடும்பங்களில் பிறந்தவர்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் பிறப்பால் கிடைத்த ஊதியத்துக்கு மேல் அவர்களுக்கு எதுவும் உறுதியில்லை. இட்டோ 1863-இல் மறைவாக இலண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அதே ஆண்டில் சோஷூவில் டக்காசுகி ஷின்சாக்கு திரட்டிய படையில் உழவர்களும் நகரத்தாரும் சாமுராய்களோடு சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள்; 1866-இல் ஷோகன் சோஷூவை அடக்க அனுப்பிய படைகள் தோற்றுத் திரும்பியதில் இத்தகைய படைகளுக்குப் பெரும் பங்குண்டு. போர்த்திறம் பிறப்பில் இல்லை என்பதை அவர்கள் தங்கள் ஊரிலேயே கண்டுவிட்டார்கள். 1873 ஜனவரியில் யமகட்டா கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சாமுராய் என்ற வகுப்பின் காரணமே அகன்றது.

இரண்டாம் பாதிக்கு: அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. 1871-இல் அரசின் தலையில் ஏறிய பரம்பரை ஊதியம் அரசுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது. 1873-இல் விரும்பியவர் மொத்தத் தொகை பெற்றுக்கொண்டு விலகலாம் என்றார்கள். 1876-இல் அதையே கட்டாயமாக்கினார்கள்: எல்லா ஊதியமும் நிறுத்தப்பட்டு, ஈடாக ஏறத்தாழ 17 கோடி யென் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வழங்கப்பட்டன. முதலை ஐந்தாண்டு தொட முடியாது; அதன் பின் குலுக்கல் முறையில் முப்பது ஆண்டுக்குள் திருப்பித் தரப்படும்; அதுவரை வட்டி மட்டும். டைமியோவுக்கு அந்த வட்டியே பெருஞ்செல்வம். கீழ்நிலை சாமுராய்க்கு அது குடும்பம் நடத்தப் போதாது. அதே ஆண்டு மார்ச்சில் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் குமமோட்டோ, அக்கிசுக்கி, ஹகி ஆகிய மூன்று இடங்களில் அடுத்தடுத்துக் கிளர்ச்சி வெடித்தது. 1877 பிப்ரவரியில் சாய்கோவே ககோஷிமாவிலிருந்து படையோடு புறப்பட்டார். மக்களில் நான்கில் ஒருவர் சாமுராயாக இருந்த சட்சுமாவில் அந்தக் கோபம் அவ்வளவு தூரம் சென்றதில் வியப்பில்லை. உழவர் மக்களைக் கொண்ட அரசுப்படை குமமோட்டோ கோட்டையை ஏறத்தாழ ஐம்பது நாட்கள் விடாமல் காத்து நின்றது. செப்டம்பர் 24 அன்று ஷிரொயாமா குன்றில் சாய்கோ இறந்தார்.

இந்த இடத்தில்தான் என் நெஞ்சை விட்டு அகலாத ஒரு தகவல் வருகிறது. டைமியோக்களும் பழைய அரசவைப் பிரபுக்களும் தங்களுக்குக் கிடைத்த பத்திரங்களை முதலாக வைத்து 1877 மே மாதம் பதினைந்தாம் தேசிய வங்கியைத் தொடங்கினார்கள். சாய்கோவை அடக்கும் போருக்கு ஆன செலவு ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் யென். அதில் 1 கோடியே 50 இலட்சத்தை இந்த வங்கி அரசுக்குக் கடனாகத் தந்தது. அதாவது, நேற்றுவரை தங்களுக்காக உயிர்விடக் கடமைப்பட்டிருந்த வீரர்களைச் சுட்டு வீழ்த்தும் போருக்கு, தங்கள் பதவியை விட்டுக்கொடுத்து வாங்கிய பத்திரங்களைக் கொண்டே டைமியோக்கள் பொருள் உதவினார்கள். பழஞ்சுவடி அவர்களின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு அதே வங்கி, வடக்கே அவொமோரிவரை சென்ற நிப்பான் இரயில்வேக்கும் முக்கிய முதலீட்டாளர் ஆயிற்று.

வயல்வரப்பு எழுதியது:

இந்த இழையை ஆவலோடு படித்து வருகிறேன். விலை பேசினார்கள், விலை கொடுத்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்தப் பணம் யாருடைய வயலிலிருந்து வந்தது என்று ஒருவரும் இதுவரை எழுதவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் நடு இடம் அதுதான்.

1873 ஜூலையில் நிலவரிச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் வரி என்பது ஊர் முழுவதற்கும் சேர்த்து அரிசியாக விதிக்கப்பட்டது; ஊர்த் தலைவர் அதைப் பங்கிட்டு வாங்கிச் செலுத்துவார்; பருவம் பொய்த்தால் ஊரே திரண்டு சென்று குறைத்துத் தரும்படி மன்றாடலாம், பலமுறை குறைக்கவும் பட்டது. புதிய முறையில் ஒவ்வொரு நிலத்துக்கும் பட்டா, ஒவ்வொரு பட்டாவுக்கும் மதிப்பு, அந்த மதிப்பில் மூன்று விழுக்காடு ஆண்டுதோறும் பணமாகக் கட்ட வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் தொகை மாறாது. பழைய வருவாய் குறையக்கூடாது என்ற கணக்கோடுதான் அந்த மூன்று விழுக்காடே வகுக்கப்பட்டது. ஊர்ப் பொதுவில் விறகும் தழையும் எடுத்து வந்த காடுகளும் புல்வெளிகளும், பத்திரம் காட்ட முடியாத இடங்களிலெல்லாம், அரசு நிலமாயின. அதே 1873-இல் கட்டாயப் படைச்சேர்ப்பும் வந்தது. 270 யென் கட்டினால் விலக்குப் பெறலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. அத்தகைய தொகையை எந்தச் சிறு உழவன் கண்டான்?

1876 டிசம்பரில் இசே பகுதியில் தொடங்கிய கிளர்ச்சி அண்டை மாவட்டங்களுக்கும் பரவியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே அரசு வரியை இரண்டரை விழுக்காடாகக் குறைத்தது. சாமுராய்க் கிளர்ச்சியும் உழவர் கிளர்ச்சியும் ஒன்று சேர்ந்துவிடுமோ என்று ஓக்குபோ அஞ்சினார். அந்த அரை விழுக்காடு உழவர்களின் மூங்கில் ஈட்டி பெற்றுத் தந்தது என்பது மக்களுக்குத் தெரிந்தே இருந்தது.

பிறகு நடந்தது இன்னும் கொடியது. மரக்கால் அவர்கள் குறிப்பிட்ட 1877 போருக்காக அரசு தாள் நாணயத்தை அச்சிட்டுத் தள்ளியது; விலைகள் ஏறின; அரிசி விற்ற உழவனுக்குச் சில ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. 1881-இல் நிதி அமைச்சரான மட்சுகட்டா மசயோஷி அந்தத் தாளைத் திரும்பப் பெற்று நாணயத்தைச் சீராக்கினார். 1882-இல் ஜப்பான் வங்கி பிறந்தது. நிதி நிருவாகம் என்ற அளவில் அது பெரிய சாதனைதான். ஆனால் அரிசி, பட்டு விலைகள் சரிந்தன. வரியோ பணத்தில் நிலையாக நின்றது. விளைச்சலில் முன்பைவிட அதிகப் பங்கை விற்றால்தான் அதே வரியைக் கட்ட முடியும் என்றாயிற்று. நிலங்கள் வட்டிக்காரர்களிடம் போயின. நூற்றாண்டின் முடிவுக்குள் விளைநிலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் குத்தகை நிலமாகிவிட்டது. குத்தகைக்காரரோ வாரத்தைப் பழையபடி நெல்லாகவே அளந்தார், பல இடங்களில் விளைச்சலில் பாதியை.

1884 நவம்பரில் சிசிபு மலைப்பகுதியின் பட்டு உழவர்கள் ஆயிரக்கணக்கில் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் முதன்மையானது, கடனைப் பத்தாண்டு ஒத்திவைத்து நாற்பது ஆண்டுத் தவணையில் கட்ட விட வேண்டும் என்பது. மேலே மரக்கால் எழுதியதை மறுபடியும் ஒருமுறை படியுங்கள். டைமியோக்களின் கடனுக்கு வட்டியில்லாமல் ஐம்பது ஆண்டுத் தவணை அளித்த அதே அரசு, நாற்பது ஆண்டுத் தவணை கேட்ட உழவர்கள் மீது படையை ஏவியது, தலைவர்களைத் தூக்கிலிட்டது. நிலப்பிரபுத்துவம் விலைக்கு வாங்கப்பட்டது என்பது உண்மையானால், வாங்கியவன் அரசு அல்ல, அந்த உழவன். அவனுக்கு அதற்கான பட்டாவும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பழஞ்சுவடி எழுதியது:

வயல்வரப்பு அவர்கள் இரண்டு தவணைகளையும் அருகருகே வைத்துக் காட்டியதற்கு நன்றி. இந்தக் கோணத்தில் நான் அவற்றை இணைத்துப் பார்த்ததில்லை. ஒரு சிறு சேர்க்கை மட்டும். உழவனுக்கு ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1872-இல் நிலம் விற்கவும் வாங்கவும் இருந்த தடை நீங்கியது. என்ன பயிரிடுவது, எந்தத் தொழில் செய்வது, எங்கே குடியேறுவது என்பதில் பிறப்பின் தளை அறுந்தது. அதே ஆண்டின் கல்விச் சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளியை நோக்கமாக வைத்தது. தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்தோரின் இழிநிலைப் பட்டங்களை 1871 ஆணை நீக்கியது. ஆனால் 1873-இன் உழவர் கலகங்களில் சில அந்த மக்களின் குடியிருப்புகள் மீதே பாய்ந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஒடுக்கப்பட்டவர் தமக்குக் கீழே உள்ளவரை ஒடுக்கிய அந்தப் பக்கங்களைப் படிப்பது எளிதல்ல.

கீழ்க்காற்று எழுதியது:

பணத்தையும் படையையும் பேசிவிட்டோம். இவை இரண்டையும் எவர் பெயரால் செய்தார்கள் என்ற மூன்றாவது பகுதி எஞ்சியிருக்கிறது.

1868 ஏப்ரலில் பேரரசர் ஐந்து உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டார். பரந்த அவைகள் நிறுவப்படும், எல்லாம் பொதுக் கலந்தாய்வால் முடிவு செய்யப்படும் என்பது முதல் உறுதிமொழி. அப்போது தயங்கி நின்ற சிற்றரசுகளை அணைத்துக்கொள்வதே அதன் உடனடி நோக்கம். ஆனால் எழுதப்பட்ட சொல்லுக்குப் பின்னால் உரிமை கோருவோர் வந்துவிட்டனர். கொரியாவின் மேல் படையெடுப்பதா என்ற பூசலில் 1873-இல் சாய்கோவோடு பதவி விலகிய டோசாவின் இட்டகாக்கி டைசுக்கே, அடுத்த ஆண்டே மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அந்த இயக்கம் ஊரூராகப் பரவியது. சிசிபுவில் எழுந்தவர்களிலும் அதன் தொடர்புடையோர் இருந்தார்கள்.

அரசின் மறுமொழி இரண்டு தடங்களில் சென்றது. 1881-இல், பத்தாண்டுக்குள் நாடாளுமன்றம் அமையும் என்று பேரரசர் பெயரால் வாக்களிக்கப்பட்டது. இட்டோ 1882-இல் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் சென்று, மன்னரின் கையில் அதிகாரத்தை நிறுத்தும் அரசியலமைப்பு எப்படி எழுதப்படுகிறது என்று கற்று வந்தார். அதே வேளையில், வருங்கால நாடாளுமன்றத்தின் கைக்கு எட்டாதபடி முக்கியமானவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டார்கள். 1878 ஆகஸ்டில், 1877 போரில் வென்ற பேரரசர் காவற்படையின் பீரங்கி வீரர்களே ஊதியக் குறைப்பாலும் பரிசு மறுப்பாலும் டோக்கியோவில் கலகம் செய்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு இறுதியில் படைத் தலைமையகம் அமைச்சரவைப் பொறுப்பிலிருந்து பிரிக்கப்பட்டு நேரே பேரரசருக்குக் கட்டுப்பட்டதாயிற்று. 1882-இல் வீரர்களுக்கான பேரரசர் ஆணை அரசியலில் தலையிடாமல் அவருக்கு மட்டுமே பணியுமாறு படையினருக்கு விதித்தது. 1884-இல் பழைய டைமியோக்களும் புதிய ஆட்சியாளர்களும் ஐந்து படிநிலைப் பிரபுக்களாக்கப்பட்டனர். மேலவை அவர்களுக்காகக் காத்திருந்தது.

1889 பிப்ரவரி 11 அன்று அரசியலமைப்பு மக்களுக்குப் பேரரசரின் கொடையாக வழங்கப்பட்டது. பேரரசர் புனிதமானவர், எவரும் மீறக் கூடாதவர் என்றது மூன்றாம் பிரிவு. படைகளின் தலைமை அவருடையது என்றது பதினொன்றாம் பிரிவு. 1890 தேர்தலில் வாக்களிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர், மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். நேரடி வரியாகப் பதினைந்து யென் கட்டுவோர் என்ற தகுதியால், அவர்கள் பெரும்பாலும் நிலம் திரட்டியவர்களே. வயல்வரப்பு அவர்களின் உழவன், வரியைக் கட்டியும் வாக்குப் பெறவில்லை.

நான் அஞ்சுவது இதைத்தான்: ஷோகனிடமிருந்து மீட்டுப் பேரரசரிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அதிகாரம், பேரரசர் தாமாக முடிவெடுப்பதில்லை என்பதால், அவர் பெயரால் பேசும் சிலரிடம் தங்கியது. இட்டோவும் யமகட்டாவும் உயிரோடிருந்தவரை அவர்களுக்குள் ஓர் ஒத்திசைவு இருந்தது. அந்தத் தலைமுறை மறைந்தபின் படைத் தலைமையகத்தைக் கேள்வி கேட்கச் சட்டப்படி எவருக்கும் இடமிருக்கவில்லை. 1930-களின் ஜப்பானைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் 1878-ஐப் படிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வெண்முகில் எழுதியது:

என் கேள்விக்குக் கிடைத்த விரிவான விடைகளுக்கு நன்றி. 1871-இல் எல்லாச் சிற்றரசுகளும் ஒழிந்தன என்று இந்த இழை தொடங்கியது. அதற்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ரியுக்யு தீவுகள் தனி அரசராய் ஷோ டாய் ஆண்ட நாடு. சீனத்துக்குத் திறை செலுத்தியது. 1609-இல் சட்சுமா படையெடுத்த பின் அதற்கும் அடங்கியிருந்தது. ஜப்பானில் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்ட மறு ஆண்டு, 1872-இல், டோக்கியோ அரசு ரியுக்யுவைப் புதிதாக ஒரு சிற்றரசு என்று அறிவித்து, அதன் அரசரைச் சிற்றரசின் தலைவராக அமர்த்தியது. சிற்றரசு என்று பெயரிட்டுவிட்டால் பிறகு அதை ஒழிப்பது உள்நாட்டு விவகாரம் ஆகிவிடும். 1879-இல் மட்சுடா மிச்சியுக்கி படைவீரர்களோடும் காவலர்களோடும் ஷுரி கோட்டைக்கு வந்து அதை ஒழித்து ஒக்கினாவா மாவட்டம் ஆக்கினார். ஷோ டாய் டோக்கியோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

பழஞ்சுவடி, கீழ்க்காற்று இருவரின் வாதங்களும் இந்த ஒரு நிகழ்வில் சந்திக்கின்றன. டைமியோக்களிடம் நடந்த கடன் பேச்சு இங்கே மக்களோடு நடக்கவில்லை. படை நேரே வந்தது. ஆனால் உள்ளூர் மேல்வகுப்பார் சீனத்தின் உதவியை நாடிவிடக் கூடாது என்பதற்காக, அவர்களின் பழைய சலுகைகளையும் பழைய வரி முறையையும் டோக்கியோ அப்படியே விட்டு வைத்தது. அதனால் மியாக்கோ, யாயேயாமா தீவுகளில் நிலத்தின் மேல் அல்லாமல் ஆளுக்கு இவ்வளவு தானியம், பெண்களானால் இவ்வளவு நெய்த துணி என்று தலைக்கு விதிக்கப்பட்ட வரி, ஜப்பானின் மற்ற பகுதிகளில் நவீன நிலவரி வந்து முப்பது ஆண்டுவரை தொடர்ந்தது. 1893-இல் மியாக்கோவின் உழவர் சார்பாளர்கள் உள்ளூர் அதிகாரிகளின் தடைகளை மீறி டோக்கியோ சென்று, நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். அந்த நாடாளுமன்றத்தில் ஒக்கினாவாவுக்கு உறுப்பினர் இல்லை. அங்கிருந்து முதல் உறுப்பினர்கள் 1912-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தலைவரி 1903-இல் நீங்கியது.

ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு மியாக்கோவிலிருந்து பதில் சொல்வதானால், 1868-உம் அல்ல, 1871-உம் அல்ல. வடக்கே ஹொக்கைடோவின் அய்னு மக்களிடமிருந்து கேட்டால் வேறோர் ஆண்டு வரும். 1869-இல் அவர்கள் நிலத்துக்குப் புதுப் பெயரிட்டுக் குடியேற்றம் தொடங்கியது முதல் அவர்களுக்கு நடந்ததை யாரேனும் விரிவாக அறிந்திருந்தால், இதே இழையில் தொடரலாம்.